பாராமகாலும் மைசூர் வாணங்களும்: திப்பு சுல்தானின் படைவலிமையைக் குறைக்க நடந்த கூட்டு முயற்சிகள் (1790–1799)

பாராமகால் என்பது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதியும் திருப்பத்தூர், வாணியம்பாடிப் பகுதிகளும் அடங்கிய நிலப்பரப்புக்கு 18ஆம் நூற்றாண்டில் வழங்கிய பெயர். பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்பது பொருள். அந்தப் பன்னிரண்டு எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, தட்டக்கல் போன்றவை பெரும்பாலும் எல்லாவற்றிலும் இடம்பெறுகின்றன. மைசூர் மேட்டுநிலத்துக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் நடுவில் படிக்கட்டுபோல் அமைந்திருப்பதால், மேலிருந்து இறங்கும் படையும் கீழிருந்து ஏறும் படையும் இவ்வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. 1760 முதல் 1799 வரை மைசூருக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த போர்கள் ஒவ்வொன்றும் இந்த மண்ணை மிதித்தே சென்றன.

பகை நாடு ஒன்றிடம் அபாயகரமான ஆயுதங்கள் உள்ளன, அதை ஒடுக்காவிட்டால் சுற்றியுள்ளவர்களுக்கு நிம்மதி இல்லை என்று பல அரசுகள் சேர்ந்து முடிவெடுப்பது இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய வழக்கம் என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. ஈராக்கின் பெயர்தான் உடனே நினைவுக்கு வரும். ஆனால் 1790இல் கம்பெனி, மராட்டியர், ஐதராபாத் நிசாம் ஆகிய மூவரும் சேர்ந்து மைசூரை ஒடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டதும் ஏறக்குறைய இதே வகையைச் சேர்ந்ததுதான். அந்த முயற்சியின் முதல் கட்டம் ஏன் பாதியில் நின்றது, இரண்டாம் கட்டம் ஏன் ஓர் அரசின் அழிவில் முடிந்தது என்பதை அறியப் பாராமகாலின் வரலாறு பெரிதும் உதவும்.

அஞ்சப்பட்ட ஆயுதம்

மைசூர்ப் படையில் எதிரிகள் அஞ்சியவை இரண்டு. ஒன்று அதன் குதிரைப்படை. ஐதர் அலியின் குதிரைவீரர்கள் கர்நாடகச் சமவெளியில் இறங்கினால் ஊர்கள் எரியும், கால்நடைகள் போகும், சென்னையின் புறநகர்வரை பீதி பரவும். மற்றொன்று வாணம்.

வாணம் என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. கோவில் திருவிழாவின் வாணவேடிக்கையை அறியாதவர் இல்லை. பாணம் என்பதே வாணம் ஆயிற்று என்பர். மருந்து நிரப்பிய குழாயை நீண்ட குச்சியில் கட்டிக் கொளுத்திவிடும் முறை இந்தியாவில் ஐதருக்கு முன்பே போர்க்களங்களில் இருந்தது. ஐதரின் தந்தை ஃபத்தே முகம்மது ஆர்க்காட்டு நவாபின் படையில் வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் என்று கூறப்படுகிறது. மைசூரில் நிகழ்ந்த மாற்றம் குழாயில்தான். காகிதக் குழாயிலும் மூங்கில் குழாயிலும் அடைத்த மருந்து சற்று அதிகமானால் குழாயே கிழிந்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் அடித்துச் செய்த மென்மையான இரும்புக் குழாயைப் பயன்படுத்தினர். சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய் உள்ளழுத்தத்தைத் தாங்கியது. அதனால் மருந்தை இறுக்கிக் கெட்டிக்க முடிந்தது. அதனால் உந்துவிசை கூடி, வாணம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், சில வேளை இரண்டு கிலோமீட்டர் வரை பறந்தது. வால்போல் ஒரு மூங்கில் கழி. சிலவற்றில் கழிக்குப் பதிலாக வாள். இன்று தீபாவளிக்கு விடப்படும் குச்சி கட்டிய ராக்கெட்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

இது குறி தவறாத ஆயுதம் அல்ல. எங்கே விழும் என்று விட்டவருக்கே முழுதாகத் தெரியாது. ஆனால் சீறிக்கொண்டு, நெருப்பைக் கக்கிக்கொண்டு, தரையில் பட்டு எகிறிப் பாம்புபோல் வளைந்து வரும் ஒன்றைக் கண்டால் குதிரையும் காளையும் நிற்காது. அக்காலப் படைகளுக்கு உயிர்நாடி காளைகளே. பீரங்கியை இழுப்பது, அரிசியைச் சுமப்பது, குண்டைச் சுமப்பது எல்லாம் அவை. காளை மிரண்டால் படை நின்றுவிடும்.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததே அந்தத் தோல்வியை உறுதி செய்தது என்றும், அதற்கு வாணங்களே காரணம் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பீரங்கிக் குண்டாகவும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அதன்பின் மைசூர் வாணம் ஆங்கிலேய வீரர்களின் மனத்தில் பதிந்துவிட்டது. திப்பு சுல்தான் ஆட்சிக்கு வந்ததும் வாணப் படையை மேலும் பெருக்கினார். அவர் தம் படைக்கு எழுதச் செய்த ஃபத்துல் முஜாகிதீன் என்னும் கையேட்டின்படி ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 200 வாணக்காரர்கள் இருக்க வேண்டும்.

மூவர் கூட்டணி

1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூரின் எல்லைக் கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூர் கம்பெனியின் நேச நாடு. தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் இதையே காரணமாகக் கொண்டார். 1790 ஜூன் மாதம் புனாவில் மராட்டியருடனும் ஜூலையில் நிசாமுடனும் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. வெல்லும் நிலத்தை மூவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது என்பது அடிப்படை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூவருக்கும் திப்புவிடம் குறை இருந்தது உண்மை. ஆனால் மூவரின் நோக்கமும் ஒன்றல்ல. நிசாமும் மராட்டியரும் ஐதர் காலத்தில் இழந்த மாவட்டங்களைத் திரும்பப் பெற விரும்பினர். மராட்டிய அமைச்சர் நானா பட்னவிஸ் மைசூர் மெலிய வேண்டும் என்று நினைத்தார். அது மறைய வேண்டும் என்று நினைக்கவில்லை. மைசூர் இல்லாத தெற்கில் கம்பெனிக்கு எதிர்நிற்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனிக்கோ கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் வேண்டும். அதாவது பாராமகால் வேண்டும்.

தொப்பூரில் தப்பியது

போரின் முதல் ஆண்டில் ஜெனரல் மெடோஸ் கரூர், கோயம்புத்தூர் வழியாக மேலேற முயன்றார். அதே வேளை கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் மற்றொரு படை பாராமகாலுக்குள் நுழைந்தது. திப்பு விரைந்து வந்து மாக்ஸ்வெலைத் தனியாக மடக்கப் பார்த்தார். மாக்ஸ்வெல் வலுவான இடம் பார்த்து நின்றுகொண்டார். 1790 நவம்பர் 17இல் மெடோஸின் படை காவேரிப்பட்டினம் அருகே மாக்ஸ்வெலுடன் சேர்ந்தது. இரு படைகளுக்கும் நடுவில் சிக்க விரும்பாத திப்பு தெற்கே தொப்பூர்க் கணவாயை நோக்கிப் புறப்பட்டார். மறுநாள் ஆங்கிலேயப் படையும் ஏறக்குறைய அதே நேரத்தில் கணவாயை அடைந்தது. அன்று பிடித்திருந்தால் போர் அங்கேயே முடிந்திருக்கக்கூடும். திப்பு தம் குதிரைப்படையைக் கொண்டு எதிரியைத் தாமதப்படுத்தி, பீரங்கிகளோடும் சுமைகளோடும் கணவாயைக் கடந்து திருச்சிராப்பள்ளிப் பக்கம் போய்விட்டார். இன்று பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலையில் தருமபுரியைத் தாண்டி இறங்கும் அதே தொப்பூர்தான். லாரி ஓட்டுநர்கள் அஞ்சும் அந்த வளைவுகள் படைகளையும் அஞ்ச வைத்தவை.

அடுத்த ஆண்டு காரன்வாலிஸ் தாமே தலைமை ஏற்றார். 1791 மார்ச் 21இல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. மே மாதம் சீரங்கப்பட்டினத்துக்கு அருகே அரக்கெரேயில் திப்புவின் படை பின்வாங்கியது. ஆனால் தலைநகரைக் கண்ணில் பார்த்த நிலையில் காரன்வாலிஸ் திரும்ப வேண்டியதாயிற்று. காரணம் காளை. நோயாலும் தீவனம் இன்மையாலும் காளைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன, அரிசி தீர்ந்தது, இழுக்க ஆளில்லாத முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துவிட்டுத் திரும்பினர்.

இதன்பின் காரன்வாலிஸ் அவசரப்படவில்லை. பாராமகால் வழியே உணவும் காளைகளும் தடையின்றி மேலே வர வேண்டும் என்பதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் பிடிபட்டன. தானியத்தைச் சுமந்து விற்கும் லம்பாடி வணிகர்களுக்குப் பாதுகாப்பும் நல்ல விலையும் கொடுக்கப்பட்டன. பட்டாளத்தைப் பசியிலிருந்து காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் அவர்களே. அவ்வாண்டு இறுதியில் பாராமகாலுக்குள் திப்பு அனுப்பிய ஒரு படைப்பிரிவை மாக்ஸ்வெல் எதிர்கொண்டபோது பென்னாகரம் கோட்டை தாக்கிப் பிடிக்கப்பட்டது. காவல் இருந்தோரில் பலர் உயிரிழந்தனர். நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மீதான இரவுத் தாக்குதல் மட்டும் தோற்றது. கீழே இருந்த பேட்டை எரிந்தது. மலைமேல் இருந்த கோட்டை அசையவில்லை.

பென்னாகரத்தில் இறந்தவர்களுக்கும் கிருஷ்ணகிரிப் பேட்டையில் வீடு இழந்தவர்களுக்கும் திருவிதாங்கூர் எல்லையில் யார் யாரை முதலில் தாக்கினார்கள் என்பது பெரிய விஷயமாக இருந்திருக்க முடியாது. நாற்பது ஆண்டுகளுக்குள் கடப்பை நவாபின் ஆட்கள், ஐதரின் ஆட்கள், 1768இல் சில மாதங்கள் கம்பெனியின் ஆட்கள், மீண்டும் ஐதர், திப்பு, மீண்டும் கம்பெனி என்று வரி வாங்க வந்தவர்களின் முகங்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன.

1792: கேட்டதும் கேட்காததும்

1792 பிப்ரவரி 6ஆம் நாள் இரவு கூட்டுப்படை சீரங்கப்பட்டினத்தின் வெளி அரண்களைத் தாக்கிப் பிடித்தது. திப்பு சமாதானம் கேட்டார். மார்ச் 18இல் இறுதி உடன்படிக்கை கையெழுத்தானது. நிபந்தனைகள் கடுமையானவை. மைசூரின் நிலத்தில் பாதி. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் ஈட்டுத்தொகை. அதில் பாதி உடனடியாக. போர்க்கைதிகள் அனைவரின் விடுதலை. பணம் முழுதும் வரும்வரை பிணையாக இரண்டு மகன்கள். பத்து வயதை ஒட்டிய அப்துல் காலிக்கும் எட்டு வயதை ஒட்டிய முயிசுத்தீனும் பிப்ரவரி 26இல் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஆங்கிலேய ஓவியர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். காரன்வாலிஸ் குழந்தைகளைக் கைப்பிடித்து வரவேற்கும் தந்தைபோல அவற்றில் நிற்பார். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததற்கு அன்பின் வேடம் போட்டது அந்தக் கலை.

கம்பெனிக்குப் பாராமகால், சேலம், திண்டுக்கல், மலபார், குடகு கிடைத்தன. துங்கபத்திரை வரையிலான பகுதி மராட்டியருக்கும், கடப்பை உள்ளிட்ட பகுதி நிசாமுக்கும் சென்றன. ஓசூர் மேட்டுநிலம் மட்டும் திப்புவிடமே இருந்தது. எனவே இராயக்கோட்டை ஓர் எல்லைக் கோட்டை ஆயிற்று.

இத்தனை கேட்ட உடன்படிக்கை, திப்பு எத்தனை வீரர்களை வைத்துக்கொள்ளலாம் என்று வரையறுக்கவில்லை. வாணம் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. வார்ப்படச் சாலைகளை மூடச் சொல்லவில்லை. பார்வையிட ஆளும் இல்லை. அக்கால மன்னர்களின் கணக்கு வேறு. படை என்பது வருவாயின் நிழல். நிலத்தைப் பாதியாக்கினால் வருவாய் பாதியாகும், வருவாய் பாதியானால் படையும் பாதியாகும் என்பதே அவர்களின் நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மையும் இருந்தது. திப்பு ஈட்டுத்தொகையைச் செலுத்தத் தம் குடிகளையும் அதிகாரிகளையும் பிழிந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் செலுத்திவிட்டார். 1794 மார்ச்சில் தேவனஹள்ளியில் பிள்ளைகள் திரும்பி வந்தனர். அதன்பின் சீரங்கப்பட்டினத்தின் அரண்கள் பலப்படுத்தப்பட்டன. வாணங்களும் தொடர்ந்து செய்யப்பட்டன.

காரன்வாலிஸ் கோட்டையையே பிடித்திருக்கலாமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கோட்டையைப் பிடித்தால் அதைப் பிறகு என்ன செய்வது என்பது அவருக்குப் புரியவில்லை. மராட்டியர் உடன்படமாட்டார்கள், படையில் நோய் பரவியிருந்தது, இலண்டனில் செலவைக் கண்டு முகம் சுளித்தார்கள். இந்த மிதமான போக்கை வெளிப்படையாகக் குறை கூறியவர்களில் ஒருவர் அப்போது இளம் அதிகாரியாக இருந்த தாமஸ் மன்றோ. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தும் சமாதானம் பேசியும் முடிப்பதை அவர் கடிதங்களில் கேலி செய்தார். படையையே முதுகெலும்பாகக் கொண்ட ஓர் அரசைப் பாதியாக விட்டுவைப்பது ஆபத்து என்பது அவர் கருத்து.

தருமபுரியிலிருந்து பார்த்தபடி

அந்த மன்றோவே அடுத்த ஏழு ஆண்டுகளைத் தருமபுரியில் கழிக்க நேர்ந்தது. 1792இல் பாராமகாலுக்கும் சேலத்துக்கும் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழ் மன்றோ, கிரகாம், மாக்லியட் ஆகிய மூன்று இராணுவ அதிகாரிகள் உதவியாளர்கள். நடுப்பகுதி மன்றோவுடையது, தருமபுரி அவர் இருப்பிடம். ஊர் ஊராகச் சென்று நிலம் அளந்ததும், ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி நிர்ணயித்ததும் இங்கேதான். பின்னாளில் இரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுவதும் பரவிய முறையின் நாற்றங்கால் பாராமகால். வரி வரலாற்றில் ரீட், மன்றோ பெயர்களை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன.

பாடநூல்கள் அதிகம் சொல்லாதது ரீட்டின் மற்றொரு வேலை. கலெக்டராகும் முன் போர்க்காலத்தில் அவர் ஆம்பூரில் இருந்து காரன்வாலிஸுக்கு உளவுச் செய்தி திரட்டியவர். மைசூரிலிருந்து இறங்கிவரும் வணிகர்கள், பயணிகள், தூதோடிகள் ஆகியோர் வழியே செய்தி சேகரிக்கும் வலையை அவர் நன்கு அறிந்திருந்தார். உடன்படிக்கையில் பார்வையாளர் இல்லாத குறையைப் பாராமகாலின் கச்சேரிகள் ஓரளவு ஈடுசெய்தன எனலாம். எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைக் கம்பெனி அறிந்துகொண்டது வரி வசூலிக்கும் இந்த அலுவலர்கள் இருந்த பகுதி வழியாகவும்தான்.

இவ்வகைச் செய்திக்கு ஒரு இயல்பு உண்டு. அஞ்சுகிறவர் காதுக்கு அச்சமான செய்தியே முதலில் எட்டும். 1991இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தன் 687ஆம் தீர்மானத்தின்படி ஈராக்குக்குப் பார்வையாளர்களை அனுப்பியது. 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளும் இரசாயன, உயிரியல் ஆயுதங்களும் அழிக்கப்பட வேண்டும் என்று எண்ணிக்கை போட்டுக் கேட்டது. பெரும்பாலானவை அழிக்கப்பட்டும் சந்தேகம் அழியவில்லை. 2003இல் படையெடுத்து உள்ளே போனவர்கள் தேடிய ஆயுதக் குவியல் அங்கே இல்லை. பார்வையாளர் இருந்தபோதே அப்படி என்றால், பார்வையாளரே இல்லாத 1790களில் வதந்திக்கும் உண்மைக்கும் எல்லை எங்கே இருந்திருக்கும்?

திப்புவும் சந்தேகத்துக்குத் தீனி போட்டார். அவர் மொரீசியசுக்கு அனுப்பிய தூதர்களை அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மலார்த்திக் இரகசியமாக வைக்கவில்லை. 1798 ஜனவரியில் மைசூருக்கு உதவத் தொண்டர்கள் தேவை என்று பகிரங்க அறிவிப்பே வெளியிட்டுவிட்டார். வந்து சேர்ந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. படையாக அது ஒன்றுமில்லை. ஆனால் சாட்சியாக அது எல்லாம். அந்த ஆண்டே ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். புதிதாக வந்த தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஐதராபாத்தில் கலைந்த படை

இந்தக் காலத்தில் உண்மையான ஆயுதக் களைவு ஒன்று நடந்தது. ஆனால் அது எதிரி நாட்டில் அல்ல, நேச நாட்டில். நிசாமிடம் ரேமான் என்ற பிரெஞ்சுக்காரர் பயிற்றுவித்த ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட படை இருந்தது. ரேமான் 1798 மார்ச்சில் இறந்தார். செப்டம்பர் முதல் நாள் நிசாமுடன் புது உடன்படிக்கை செய்துகொண்ட கம்பெனி, அந்தப் படையைக் கலைக்க வேண்டும் என்றது. நிசாம் தயங்கினார். சம்பளப் பாக்கியால் சிப்பாய்கள் தங்கள் பிரெஞ்சு அதிகாரிகள்மீதே சினம் கொண்டிருந்த வேளை பார்த்து, அக்டோபர் 22இல் கம்பெனிப் படை அவர்களின் முகாமைச் சூழ்ந்தது. பாக்கி தருவதாக வாக்களித்ததும் ஆயிரக்கணக்கானோர் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு நடந்தனர். ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. துப்பாக்கியைவிடச் சம்பளப் பாக்கியே ஒரு படையை எளிதாகக் கலைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கூட்டாளியின் கையிலிருந்த ஆயுதத்தை வாங்கிய பிறகுதான் கம்பெனி எதிரியின் பக்கம் திரும்பியது. கூட்டணி என்பது எந்த அளவுக்கு மாறிவிட்டது என்பதை இதிலேயே காணலாம். 1790இல் மூவரும் ஏறக்குறைய சமமானவர்கள். 1799இல் மராட்டியர் ஒதுங்கி நின்றனர், நிசாம் பின்தொடர்ந்தார்.

இராயக்கோட்டை வழியாக

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டுப் பாராமகாலுக்குள் வந்தது. பிப்ரவரி 22இல் போர் முறையாக அறிவிக்கப்பட்டது. ரீட் இங்கே தானியமும் காளைகளும் திரட்டிக்கொண்டிருந்தார். சண்டை வீரர்களைப்போலப் பல மடங்கு பரிவாரம். சுமை காளைகள் மட்டும் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பர். அத்தனை வாய்களும் பாராமகாலின் ஏரிக்கரைகளிலும் புன்செய்களிலும் மேய்ந்துகொண்டே போயின. மார்ச் 5 அளவில் படை இராயக்கோட்டையைக் கடந்து மைசூர் எல்லைக்குள் நுழைந்தது.

வாணங்கள் கடைசிவரை தம் வேலையைச் செய்தன. ஏப்ரல் 5ஆம் நாள் இரவு சீரங்கப்பட்டினத்தை அடுத்த சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்கப் போன ஓர் ஆங்கிலேயப் பிரிவு இருட்டில் வாணங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவில் சிக்கிச் சிதறியது. அதன் தலைவர் காலில் காயத்தோடு முகாமுக்குத் திரும்பினார். அவர் தலைமை ஆளுநரின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு. மறுநாள் பகலில் தோப்பு பிடிபட்டது. மே 2இல் கோட்டைக்குள் விழுந்த ஒரு குண்டு வாணக் கிடங்கைப் பற்ற வைத்தது. மே 4இல் கோட்டை விழுந்தது. திப்பு போரிட்டு இறந்தார்.

முற்றுகையின்போது ஹாரிஸ் அனுப்பிய கடைசி நிபந்தனைகளைப் பார்த்தால் 1792இன் பாதையே மேலும் இறுக்கப்பட்டது தெரியும்: மீதியிருந்த நிலத்தில் பாதி, இரண்டு கோடி ரூபாய், நான்கு மகன்களும் நான்கு தளபதிகளும் பிணை. ஏற்கக்கூடிய நிபந்தனைகளா அவை, அல்லது மறுக்கப்பட வேண்டும் என்றே எழுதப்பட்டவையா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கோட்டையில் 929 பீரங்கிகள் கிடைத்தன. ஏவத் தயாரான வாணங்கள் 700, வெற்றுக் குழாய்கள் 9,000 என்று பரவலாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு கூறுகிறது.

களையப்பட்ட ஆயுதம் எங்கே போயிற்று

புதிய மைசூர் ஐந்து வயதுச் சிறுவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பெயரில் அமைந்தது. ஆண்டுக்கு ஏழு லட்சம் வராகன் கொடுத்துக் கம்பெனிப் படையை அது பராமரிக்க வேண்டும். ஓசூர் மேட்டுநிலமும் கம்பெனிக்கு வந்து பாராமகாலுடன் சேர்ந்தது. வேலை இழந்த மைசூர் வீரர்கள் பலர் தூந்தியா வாக் என்பவரின் பின்னே திரண்டனர். அவரை அடக்க 1800 செப்டம்பர் வரை ஆயிற்று. சிலர் கம்பெனிப் பட்டாளத்திலேயே சேர்ந்தனர். திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தபோது, 1806 ஜூலை 10இல் அங்கே சிப்பாய்கள் எழுந்ததும் அதில் மைசூர்க் கொடி ஏறியதும் தமிழக வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை.

பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், 1801 டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. மைசூரில் ஒரு மன்னனிடம் தொடங்கியது இரண்டே ஆண்டுகளில் வேலும் வளரியும் ஏந்தும் குடியானவன்வரை வந்துவிட்டது.

வாணம் மட்டும் ஒழியவில்லை. சீரங்கப்பட்டினத்திலிருந்து மாதிரிகள் இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதச் சாலைக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804 முதல் அவற்றை ஆராய்ந்து தம் பெயரில் புது வாணத்தை உருவாக்கினார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் அதனால் எரிந்தது. 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டைமீது அது பாய்ந்த ஒளிதான் அந்நாட்டு தேசிய கீதத்தில் இடம்பெற்றுள்ளது. அபாயகரமானது என்று சொல்லிப் பறித்த ஆயுதத்தைப் பறித்தவர்கள் அழிக்கவில்லை, ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குச் சென்ற அப்துல் கலாம், அங்கே வரவேற்புக் கூடத்தில் திப்புவின் வாணப் படையைச் சித்திரித்த ஓவியத்தைக் கண்டதைத் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்துள்ளார்.

1799இல் எடுத்த கணக்கில் சேராதவையும் இருந்தன. 2018 ஜூலையில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், பழைய பிதனூர் ஆகிய நகரா என்ற ஊரில், வறண்ட கிணறு ஒன்றைத் தோண்டியபோது சேற்றுக்குள்ளிருந்து சுமார் 1,000 இரும்புக் குழாய்கள் வெளிப்பட்டன. துருவேறிய அந்தக் குழாய்களுக்குள் மருந்து இன்னும் கெட்டியாகவே இருந்தது. அவை இப்போது சிவமொக்கா அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன.